வெட்டுப்பட்ட மூன்று புள்ளிகள்

நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ரெட்டை’ என்று பட்டப்பெயர். எந்த வரைபடத்தை அனுப்பினாலும் வெறும் படத்தோடு நிற்கமாட்டாள். அளவுகளையெல்லாம் உள்ளே வைத்திருக்கும், எப்போது வேண்டுமானாலும் திறந்து திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் அதே பெயரில் சேமித்துவிட்டுத்தான் எழுவாள்.

“பொண்ண அனுப்புடின்னா பொறந்த வீட்டையே பொட்டில கட்டி அனுப்புறியே!” என்று பக்கத்து மேசைக்காரி சீண்டுவாள்.

ரெட்டை சிரிப்பாள். மேசைக்கடியில் கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆறு வருடங்களுக்கு முன் படத்தை மட்டும் சேமித்துவிட்டு மற்றதை மூடிவிட்டாள். மறுநாள் வரைபடத்தின் அச்சுக்கோட்டு அளவை மாற்றச் சொன்னார்கள். மூலம் இல்லை. திரையில் அடிக்கோல் வைத்து ஒவ்வொரு புள்ளியாக அளந்து மறுபடி வரைந்தாள். ஈயத்துக்கு அனுமதித்த எல்லையைத் தாண்டியிருந்த ஒரு புள்ளி எல்லைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு தெரு இரண்டு மாதம் ஈயத்தைக் குடித்தது. அதன்பிறகு அவளுக்கு நிம்மதி இல்லை. இருந்தால்தான் தவறு.

இன்று கூட்டம். இன்னொரு தெருவின் ஆழ்குழாயை மூடுவதா வேண்டாமா என்று முடிவாக வேண்டும். தெருக்காரர்கள் சார்பில் அங்கே கடை வைத்திருக்கும் தையற்காரர் ஒருவர் வந்திருந்தார். சுவரில் அவள் வரைந்த படம் ஒளியாய் விழுந்தது.

“ஒரு புள்ளிகூட எல்லைக் கோட்டத் தாண்டல. தண்ணி சுத்தம்,” என்றார் பிரிவுத் தலைவர்.

அவள் எழுந்துவிட்டாள். “சார், கடைசி மூணு புள்ளி எங்க? நான் அனுப்பினதுல இருந்துச்சே?”

“ஓரத்துல அசிங்கமா இருந்துச்சும்மா. அழகுக்காக வெட்டினேன்.”

அழகு! குழந்தைகளின் ரத்தத்தில் ஏறும் ஈயத்தை மறைக்க எவ்வளவு நாகரிகமான சொல்.

மடிக்கணினியில் மூலக் கோப்பைத் திறந்தாள். கோட்டுக்கு மேலே மூன்று புள்ளிகள். தொட்டால் தேதி, அளவு.

தலைவர் புன்னகைத்தார். “திருத்தக்கூடிய கோப்புதானே? நீயே மூணு புள்ளி வெச்சிருக்கலாமே?”

கேள்வி நியாயம்தான். கேட்ட மனம்தான் அநியாயம்.

“வெச்சிருக்கலாம் சார். அதனால என்னையும் நம்பாதீங்க. அந்த மூணு புள்ளிக்கான தண்ணிக் குப்பியும் முத்திரையோட குளிர்பெட்டியில இருக்கு. எல்லார் முன்னாடியும் அளந்துடலாம்.”

“அதெல்லாம் மேலிடத்தக் கேக்கணும்…”

“அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்க யாரும் மேலிடத்துல இல்ல சார்.”

தையற்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அழுத்தமாக உட்கார்ந்தார். “அளங்கம்மா. நாங்க ரெண்டு தடவ அளந்துட்டுத்தான் துணியையே வெட்டுவோம். இவரு அளந்ததையே வெட்டிட்டாரு.”

அளந்தார்கள். மூன்றும் கோட்டுக்கு மேலேயே நின்றன. மாலைக்குள் ஆழ்குழாய்க்குப் பூட்டு விழுந்தது; தெருவுக்குத் தண்ணீர் லாரி போனது.

ரெட்டை புதிய வரைபடத்தைப் படமாக ஒன்று, மூலமாக ஒன்று என்று சேமித்தாள். மூலக் கோப்பை மூடித் திறந்து பார்த்தாள். திறந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவள், திரும்பி வந்து இன்னொரு முறை திறந்து பார்த்தாள்.