அம்பத்தூரில் இறக்கிய தங்கை

என் தங்கையை நர்ஸ் ஆகவிடாமல் தடுத்தவன் நான். வறுமை அல்ல, விதியும் அல்ல. ரயில் பெட்டியில் நாலு பேர் சிரித்ததைத் தாங்க முடியாத என் அற்ப மானம்.

எண்பதுகளின் தொடக்கம். அப்பா இல்லாத வீட்டில், பள்ளி ஆசிரியனான நான் வைத்ததுதான் சட்டம். நகரத்து அரசு மருத்துவமனையில் மூன்று வருட நர்ஸ் பயிற்சிக்குத் தங்கைக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் சேர்க்க அழைத்துக்கொண்டு பட்டாபிராமில் சென்ட்ரல் போகும் மின்ரயில் ஏறினேன். தகரப் பெட்டி அவள் மடியில். எதிரே எங்கள் தெருக்காரர் ஒருவர்.

“இன்னா வாத்யாரே, பொட்டியும் கையுமா? தங்கச்சிக்குக் கண்ணாலமா?”

நர்ஸ் படிக்கப் போகிறாள் என்றேன்.

“நர்ஸா! கண்டவன் பீ மூத்திரம் அள்றதுக்கு இன்னா படிப்பு? நைட்டு ட்யூட்டி வேற கீது. நாளைக்கு எவன் கட்டுவான்?”

பெட்டியே சிரித்தது. “படிச்சாத்தான் சார் உசுரக் காப்பாத்த முடியும்” என்றாள் தங்கை. அதற்கும் சிரித்தார்கள். வண்டி அம்பத்தூரில் நின்றது. தகரப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பின்னாலேயே ஓடி வந்தாள்.

“அண்ணா, இது சென்ட்ரல் இல்லியே?”

அந்த வாரமே அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் சேர்த்துவிட்டேன். அங்கே ஆண்கள் நடுவே அவள் வேர்த்து நின்றது யாருக்கும் அசிங்கமாகப் படவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அதே தெருக்காரர் லட்டோடு வந்தார். மகளுக்கு நர்சிங் காலேஜில் சீட்டாம். “டிகிரி வாத்யாரே! முடிச்சா நேரா துபாய்தான்!” லட்டை மென்றபடி ‘நல்ல படிப்பாச்சே’ என்று சொன்னது என் வாய்தான். பீயும் மூத்திரமும் அப்படியேதான் இருந்தன. எங்கள் மூக்குதான் மாறியிருந்தது. பரீட்சை எழுதி, வார்டில் கால்கடுக்க நின்று, அந்த வேலைக்கு மதிப்பைச் சேர்த்தது யாரோ பெற்ற பெண்கள். நாங்கள் கடைசியில் வந்து இனிப்புத் தின்றோம்.

மறுநாள் திருநின்றவூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். செய்தது தப்பு என்றேன். பத்தாவது படிக்கும் அவள் மகளை நர்சிங் படிக்கவைக்கிறேன், செலவு முழுக்க என்னுடையது என்றேன். அந்தப் பெண் திகைத்துப்போய் அம்மாவைப் பார்த்தது.

“அவ கணக்குப் படிக்கணும்னு சொல்லிகினு கீறா. அவள ஒரு வார்த்த கேட்டியாண்ணா? நர்ஸாவ ஆசப்பட்டது நானு. அவ இல்ல.”

கணக்குக்காவது பணம் கட்டுகிறேன் என்றேன்.

“வாணாம். ஒக்காரு, சாப்ட்டுட்டுப் போ.”

உட்கார்ந்தேன். வெட்கமில்லாமல், இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.