ஈஸ்வரி சிஸ்டரின் சிவப்பு பாலியோ

சலைன் ஏற்றும் குழாயின் ஒரு முனையை ஈஸ்வரி பிரேக் நிப்பிளில் செருகினாள். மறுமுனையை, கால்வாசி பிரேக் ஆயில் ஊற்றிவைத்த கண்ணாடிப் புட்டிக்குள் விட்டாள். குழாய் எங்கும் மடங்கவில்லை என்று விரலால் நெடுக நீவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி, சக்கரம் கழற்றிய இடத்திலிருந்து தலையைத் தூக்காமலே குரல் கொடுத்தாள்.

"அமுக்கு மாமா. அமுக்கு. புடி, வுட்றாத, வுட்றாத... ஆங், இப்ப மெதுவா வுடு."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன் வேடியப்பன். இதே சொற்களை, இதே குரலில், அவள் பிரசவ அறைக்குள் சொல்லுவதை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று பலமுறை கேட்டிருக்கிறான். ஜவ்வாது மலையில் இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் குரலைக் கேட்டுத்தான் வெளியே வந்தார்கள். இப்போது அந்தக் குரலுக்குக் குழாய் வழியாகக் காற்றுக் குமிழிகள் வந்தன. பிரேக் எண்ணெயில் காற்று தங்கினால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் திறந்து மூட.

மறுநாள் காலை பத்து மணிக்கு மலையடிவாரத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கத் தேதி கொடுத்திருந்தார். வண்டியின் பதிவு அந்த மாதத்தோடு முடிகிறது. அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் இன்னும் ஐந்து வருடம் ஓடும்.

ஈஸ்வரிக்கு வயது நாற்பத்தேழு. மலைமேல் ஆஸ்பத்திரியில் இருபத்தோரு வருட நர்ஸ். பெயரைச் சொல்லிக் கேட்டால் பலருக்குத் தெரியாது. சிஸ்டர் என்றால் வீட்டு வாசலுக்கே கூட்டிவந்து விடுவார்கள். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பாள். கை கழுவாமல் மனிதரையும் தொடமாட்டாள், வண்டியையும் தொடமாட்டாள். வேலை முடிந்து வந்ததும் புடவைமேல் வேடியப்பனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் போனால், விளக்கு வைக்கும் நேரம்வரை வெளியே வருவதில்லை.

அந்தக் கொட்டகை முன்பு சாமை மூட்டை அடுக்கும் இடம். சாமைக்கு வந்த எலிகள் ஒயரையும் கடித்தபோது, இரண்டில் ஒன்றுதான் இங்கே இருக்கலாம் என்று ஈஸ்வரி சொல்லிவிட்டாள். மூட்டைகள் வீட்டுக்குள் வந்தன. மாமியார் செல்லியம்மாள் அதைச் சொல்லாத நாளில்லை. "மூட்டை வூட்ல தூங்குது, காரு கொட்டாயில தூங்குது. நான் எங்கடியம்மா தூங்கறது?" என்பாள். குழாயும் புட்டியுமாக மருமகளைப் பார்த்துவிட்டால், மனுசனுக்கெல்லாம் ஊசி போட்டு முடித்துவிட்டாள், இப்போது காருக்குப் போடுகிறாள் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லுவாள்.

அது 2005இல் வாங்கிய பியட் பாலியோ. சிவப்பு நிறம், சின்ன உடம்பு, அதற்குள் ஆயிரத்து அறுநூறு சி.சி. எஞ்சின். புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார் மாதிரி அடக்கமான முகம். மிதித்தால்தான் சங்கதி தெரியும். கொண்டுவந்தவர் டாக்டர் இளவழகன். முகாம்களுக்குப் போகும்போது ஈஸ்வரி தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவாள். பஸ்கள் முக்கி முனகி ஏறும் வளைவுகளை அந்த வண்டி மூன்றாம் கியரில் வழித்துக்கொண்டு ஏறும். மற்ற நர்சுகள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஈஸ்வரி டாக்டரின் கையையும் காலையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள், எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தது. அறுந்த வேகத்தில் வால்வுகள் வளைந்தன. சரிசெய்யும் செலவில் வேறு வண்டியே வாங்கலாம் என்றார்கள். மாற்றலாகிப் போன டாக்டர் அதை ஆஸ்பத்திரிப் பலா மரத்தடியில் விட்டுவிட்டுப் போனார். இரண்டு மழைக்காலம் அங்கேயே கிடந்தது. கோழிகள் பின்சீட்டில் முட்டையிட்டன. பலாப்பால் சொட்டிக் கூரை முழுக்கப் பிசினாயிற்று. ஈஸ்வரி போன் செய்து கேட்டாள். எடுத்துக்கொள்ளுங்கள் சிஸ்டர், ஆனால் அது இனிமேல் எழுந்திருக்காது என்றார் டாக்டர். பார்க்கலாம் சார் என்றாள். இரண்டு ஜோடி மாடு பூட்டி வீட்டுக்கு இழுத்துவந்தார்கள். அது நடந்து நான்கு வருடமாகிறது.

அந்த நான்கு வருடத்தில் வேடியப்பன் பார்த்தவற்றை அவனாலேயே சரியாகச் சொல்ல முடியாது. கேட்டால், "அது கை இல்லீங்க, வேற இன்னாவோ" என்பான். பதினாறு வால்வுகளையும் கழற்றி, ஒரு அட்டையில் துளையிட்டு, எது எந்த இடத்தில் இருந்ததோ அதே வரிசையில் செருகி எண் போட்டிருந்தாள். மூடும் முன்பு, அறுவை முடிந்து பஞ்சை எண்ணுவதுபோல் போல்ட்டுகளை எண்ணினாள். ஒன்று குறைந்தது. முக்கால் மணி நேரம் தேடி, செல்லியம்மாளின் வெற்றிலைப் பையிலிருந்து எடுத்தாள். கிழவி அதைப் பாக்கு இடிக்க வைத்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் நகத்துக்குப் பூசாதவள், நகப்பாலீஷ் வாங்கி டைமிங் பெல்ட்டிலும் பல்சக்கரங்களிலும் வெள்ளைப் புள்ளி வைத்தாள். எஞ்சினைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி, புள்ளிகள் நேருக்கு நேர் வந்து நின்ற பிறகுதான் சாவியைத் தொட்டாள். முதல் முறை உயிர் வந்தபோது கோழிகள் கூரையேறின. அவள் மட்டும் அசையவில்லை. பழைய ஸ்டெத்தாஸ்கோப்பின் முனையில் கம்பி கட்டி, எஞ்சினில் இடம் இடமாக வைத்துக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்ல லேசா இளைப்பு இருக்குது" என்று நிறுத்திவிட்டாள். திறந்து பார்த்தால் அங்கேதான் வால்வை அமுக்கும் டேப்பட் ஒன்று தேய்ந்திருந்தது.

திருப்பத்தூரில் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் விஜயராஜ், தொடக்கத்தில் போனை வீட்டுக்காரரிடம் கொடுங்கள் என்பான். இப்போது அவனே கூப்பிட்டு, ஒரு வண்டியின் சத்தத்தைப் போனில் பிடித்துக் காட்டி, இது என்னவாக இருக்கும் சிஸ்டர் என்று கேட்கிறான்.

இந்த வேலையில் வேடியப்பனுக்கு இரண்டு பங்கு உண்டு. ஒன்று மிதிப்பது. இன்னொன்று புளி. அவன் மரங்களின் புளி கலசப்பாக்கம் சந்தைவரை போகிறது. துருவேறி நகராத போல்ட்டுகளைப் புளித்தண்ணீரில் அரைநாள் போட்டு, சோடா உப்பு நீரில் அலசி, எண்ணெய் தடவினால் புதிதாகிவிடும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் அவன்தான். அவள் செய்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது அரிது. அவன் அதைப் பலரிடம் சொல்லிவிட்டான்.

வினையும் அங்கேதான் வந்தது. முன்சக்கரங்களின் பிரேக்கைப் பிரித்துப்போட்டிருந்த நேரத்தில் ஈஸ்வரிக்கு மூன்று நாள் முகாம். காலிபருக்குள் இருந்து எண்ணெயின் அழுத்தத்தில் வெளியே தள்ளிக்கொண்டு வந்து பிரேக்கைப் பிடிக்க வைக்கும் பிஸ்டன்கள் இரண்டும் கறுத்துப்போய்த் துணிமேல் இருந்தன. அவள் வருவதற்குள் பளபளவென்று ஆக்கிவைக்க நினைத்தான் வேடியப்பன். ஒரு சட்டியில் புளியைக் கரைத்தான். குத்துவிளக்குத் தேய்க்கும் பழக்கத்தில் ஒரு கை கல்லுப்பும் போட்டான். மூன்று நாள் கழித்து எடுத்தபோது, ஒன்றின் முலாம் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தான். மினுக்கம் வந்தது. துடைத்து, அதே துணிமேல் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டான். இரவுப் பணியிலிருந்து நேராக வந்தவள், "தொடச்சு வெச்சுட்டேன்" என்று அவன் சொன்னதை நம்பி, புது ரப்பர் வளையம் போட்டு மாட்டினாள். அவள் கை சரிபார்க்காமல் விட்ட ஒரே சாமான் அது. சொன்னவன் அவன் என்பதால் விட்டாள்.

காற்று எடுத்து முடிந்தது. எப்போதும்போல் கடைசிச் சோதனை மிச்சமிருந்தது. மிதியை முழுப் பலத்தோடு அமுக்கி ஐந்து நிமிடம் பிடிக்க வேண்டும். எங்காவது எண்ணெய் கசிந்தால் மிதி மெல்ல இறங்கும். அது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது; மிதிக்கிற காலுக்குத்தான் தெரியும்.

"கால் உன்னுது மாமா. நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, கைக்கடிகாரத்தை நாடி பார்ப்பவள் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் நிமிடம் மிதி கல்லாக நின்றது. நான்காவது நிமிடத்தில், ஈர மண்ணில் பாதம் புதைவதுபோல் ஏதோ ஒன்று காலுக்கடியில் நகர்ந்தது. நாளைய ஒரு நாள் விடுப்புக்காக அவள் இரண்டு பேரின் இரவுப் பணியைச் சேர்த்துப் பார்த்திருந்தாள். வண்டியை இரண்டு முறை கழுவியிருந்தாள். இறங்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் காலையில் அவள் அந்த வளைவுகளில் வண்டியை இறக்குவாள். பொய் சொல்ல அவனுக்கு ஒரு நிமிடம் இருந்தது. அந்த நிமிடம் முழுவதையும் அவன் எடுத்துக்கொண்டான்.

"எறங்குதா?"

"எறங்குது."

"எவ்ளோ?"

"ஒரு தொவரம்பருப்பு கனம்." காலை எடுக்காமலே சொன்னான். "நான்தான் மே. அந்த ரெண்டத்தையும் புளித்தண்ணில போட்டு வெச்சேன்."

"எத்தினி நாளு?"

"நீ கேம்ப்புக்குப் போன மூணு நாளும்."

"வெறும் புளியா?"

"கொஞ்சம் உப்பும் போட்டேன்."

என்ன, எவ்வளவு, எவ்வளவு நேரம்: விஷம் குடித்தவரைத் தூக்கிக்கொண்டு வரும் வீட்டாரிடம் அவள் கேட்கும் கேள்விகள். திட்டவில்லை. காலை எடுக்கச் சொன்னாள், மறுபடி கை கழுவினாள், காலிபர்களைப் பிரித்தாள். வலப்பக்கத்துப் பிஸ்டன்மேல் நகத்தை ஓட்டியபோது மூன்று இடத்தில் தட்டியது. அம்மைத் தழும்பு மாதிரி குழிகள்.

விஜயராஜுக்குப் போன் போட்டாள். புதுப் பிஸ்டன் வரப் பத்து நாளாகும் என்றான். நாளைய தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை வண்டி கொட்டகையைவிட்டு இறங்கக் கூடாது. வேடியப்பனுக்குத் தாளவில்லை. உண்மையைச் சொன்ன அதே வாயால் சொன்னான்.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு மாட்டிடலாமே. நாளைக்கு ஒரு நாளுக்குத்தான. அவரு ரெண்டு மிதி மிதிச்சுப் பாப்பாரு, அவ்ளோதான்."

ஈஸ்வரி பிஸ்டனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சம் இருக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு முறை உப்புத்தாளை எடுத்தாள். நாலாக மடித்தாள். இரண்டு தேய்ப்புத் தேய்த்தாள். அந்த இடம் கண்ணாடி மாதிரி வந்தது. அதை அவள் பார்த்த பார்வையைப் பார்த்த வேடியப்பன், மாட்டிவிடுவாள் என்றே நினைத்தான். செல்லியம்மாள் சாப்பிடக் கூப்பிட்டதும் இரண்டு பிஸ்டனையும் ஜன்னல்மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பின்கட்டிலிருந்து இரும்புச் சத்தம் கேட்டது. வேடியப்பன் ஓடினான். ஈஸ்வரி யூனிபாரம் போட்டிருந்தாள். விடுப்பு வேண்டாம், வேலைக்கு வருகிறேன் என்று போன் செய்து சொல்லியாகிவிட்டது. துணி துவைக்கும் கல்லின்மேல், வலப்பக்கத்துப் பிஸ்டன் சுத்தியலடி பட்டு வாய் கோணி, முட்டை வடிவத்தில் கிடந்தது. வார்டில் ஒருமுறை போட்ட ஊசியை வெட்டிப்போடாமல் அவள் விட்டதேயில்லை.

"மினுக்கிக்கினு கெடக்குது. வெச்சிருந்தா ஒரு நாளு எடுத்து மாட்டிடத் தோணும்" என்றாள். யாருக்குத் தோன்றும் என்று சொல்லவில்லை.

பிறகு இரண்டாவதை எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பி, நகத்தை ஓட்டினாள். எங்கேயும் தட்டவில்லை.

"அது நல்லாத்தான இருக்குது?" என்றான் வேடியப்பன்.

"அதுவும் அதே சட்டியிலதான் கெடந்துச்சு."

அதைக் கல்லின்மேல் படுக்கவைத்தாள். சுத்தியலைப் பிடிப்பக்கம் திருப்பி அவனிடம் நீட்டினாள். பிஸ்டன் உருண்டது. குனிந்து, கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கைய எடு மே" என்றான்.

"உருளும். அடி மாமா" என்றாள், விரலை எடுக்காமல்.