கிட்டார் கம்பியும் என் லைன் பழக்கமும்

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனி லைனில் நட்டு முறுக்குவது என் வேலை. நட்டு முறுக்க நாங்கள் பிடிக்கும் ‘கன்’ என்ற மெஷின், போதுமான இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று தானாக நின்றுவிடும். ஷிஃப்ட் முழுக்க அந்த ‘டக்’குக்காகத்தான் கை காத்திருக்கும்.

நான் தங்கியிருக்கும் பென்னலூரில் சர்ச் பாடகர் குழுவுக்கு கிட்டார் வாசிக்கிறேன். நானாகவே கற்றுக்கொண்டதுதான். ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து நேராகப் பயிற்சிக்குப் போய், புதிதாக மாட்டிய மெல்லிய கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன். குழுவில் பாடும் ஸ்டெல்லா அக்கா, எங்கள் ஹவுஸ் ஓனரின் மகள், பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

“போதும்மா, முறுக்கிக்கினே போறியே.”

“இன்னும் டைட் ஆகலக்கா” என்றேன். கை ‘டக்’குக்குக் காத்திருந்தது.

கம்பி அறுந்தது. அக்கா இடது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விரலிடுக்கில் ரத்தம். ஆட்டோவில், “கண்ணைத் திறந்து பாருங்கக்கா” என்று கெஞ்சினேன்.

“மாட்டேன், பயமா கீது” என்றார். மறுபடி கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

இமையில்தான் கீறல், கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அக்கா நல்ல கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த போர்டைப் படித்துக் காட்டினார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

இப்போது யாரும் வருவதற்கு முன்பே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கால் சுற்றுக்கு ஒருமுறை மீட்டிக் கேட்டுத்தான் முறுக்குகிறேன். ஆனாலும் கிட்டாரை எடுத்ததும் ஸ்டெல்லா அக்கா என் கம்பெனி பாதுகாப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பாட்டு முடியும்வரை கழற்றுவதில்லை.