வீரனின் அங்கியைத் தைப்பது யார்?

கிழிசல் தைத்துக் கொடுக்கும் ஒரு தையல்காரம்மா, பறக்கும் வீரனின் காமிக்ஸை இருபத்திரண்டு வருடமாக ஓர் இதழ் விடாமல் படிக்கிறாள். அவளுக்கு ஒரே ஒரு கோபம்தான். மாதாமாதம் சண்டையில் அவன் அங்கி கந்தலாகிறது. மறுமாதம் புத்தம்புதிதாகப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறான். "அதை யாருங்க தைக்கிறாங்க?" என்று எழுத்தாளருக்குக் கடிதம் போட்டுப் போட்டுக் கை ஓய்ந்ததுதான் மிச்சம்.

அந்த எழுத்தாளர் வேறொருவரிடம் கதையை ஒப்படைத்து விடைபெறும் இதழ் வந்தது. கடைசிப் படத்தில், கிழிந்த அங்கியை மடியில் வைத்தபடி வீரன் ஒரு தையல்கடை பெஞ்சில் தன் முறைக்காகக் காத்திருந்தான்.

"படக்கதைக்குப் போயா அழறே?" என்றார் கணவர்.

"சும்மா இருங்க. பதில் போட்டிருக்காரு மனுஷன்."

அன்றே புதிய எழுத்தாளருக்கு எழுதினாள்: "பழையவருக்கு என் நன்றியைச் சொல்லிடுங்க. கதையை உங்க இஷ்டப்படி கொண்டுபோங்க. அங்கி செவ்வாய்க்கிழமை ரெடியாயிடும். வீரனை மறக்காம வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."