ஜீப்பின் பின்பக்கத்து ஓட்டைகள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. எந்த இடத்தில் எந்த 'ர' வரும் என்பது இன்றும் எனக்குச் சந்தேகம்தான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நெடுங்கேணியிலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியில் வாகனம் திருத்தும் கொட்டில் வைத்திருக்கிறேன். தை மாதம் ஒரு பழைய ஜீப்பை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். இங்கிலாந்தில் செய்தது. உடம்பெல்லாம் அலுமினியத் தகடு என்பதால் வருடக்கணக்காக மழையில் கிடந்தும் துருப்பிடிக்கவில்லை. கூட வந்தவர் கனடாவிலிருந்து வந்திருந்த மகன். ஜீப் அவருடைய அப்பாவுடையது. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துக்குக் கீழே வயல் செய்தவர், இப்போது இல்லை. காணியில் அம்மா தனியாக இருக்கிறார்.

"வைகாசிப் பொங்கலுக்கு அம்மாவை இதிலைதான் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோக வேணும். முடிப்பீங்களோ அண்ணை?"

"ஓம்."

"உங்களைவிட இந்தச் செத்த எஞ்சின் கூடக் கதைக்கும்போல கிடக்கு" என்று சிரித்தார்.

எஞ்சினைக் கழற்றியபோது குழாய்களில் இன்னும் மண்ணெண்ணெய் மணந்தது. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவோம். அந்த எஞ்சினை இறக்கிவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றினேன். ஸ்டியரிங்கை இலேசாகத் திரும்பும்படி மாற்றினேன். பிரேக்கும் புதிது.

பின்பக்கம் இடது தகடு முழுவதும் ஷெல் துண்டு துளைத்த ஓட்டைகள். மூடுவதற்குத் தகடு வெட்டத் தொடங்கியபோது மகன் தடுத்தார்.

"அதைத் தொடாதேங்கோ அண்ணை. அது சரித்திரம். சனம் பார்க்க வேணும்."

கடைசி இடப்பெயர்வுக்கு முன்னமே அவர் வெளிநாடு போய்விட்டவர்.

சில நாள் கழித்து அம்மா தனியாக பஸ்ஸில் வந்தார். கொட்டிலுக்குள் வரவில்லை, வாசலில் நின்றே கேட்டார்.

"தம்பி, பின்பக்கத்து ஓட்டையளை மூடிப்போட்டீங்களோ?"

"இல்லையம்மா. மகன் வேண்டாமெண்டு சொன்னவர்."

"அவனுக்கென்ன தெரியும். அவன் அதுக்குள்ளை இருக்கேல்லை. என்ரை மகள் அந்தப் பக்கம் சாய்ஞ்சுகொண்டு இருந்தவள். இருந்தபடியே போயிட்டாள். மூடினால்தான் நான் ஏறுவன்."

"மகனிட்டைச் சொல்லுங்கோவன்."

"சொன்னால் அழுவான். நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

எதிர்த்துக் கதைக்க எனக்கு வராது. இரண்டு பேருக்கும் பொருந்துவது போல ஒன்று செய்தேன். வெளித்தகட்டை அப்படியே விட்டு, உள்ளே மட்டும் பஞ்சு வைத்து, இருக்கைக்குப் போடும் மண்ணிற றெக்சின் சீலையால் மூடினேன். மகன் வெளியே பார்த்துத் திருப்திப்பட்டார். அம்மா உள்ளே கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஏறி, இடது பக்கமே போய் இருந்தார்.

பொங்கல் திங்களன்று மகன் ஓட்ட, புது எஞ்சின் ஏதும் தொல்லை கொடுத்தால் பார்க்க நானும் போனேன். வற்றாப்பளையில் கால் வைக்க இடமில்லை. தூரத்தில் மரநிழலில் நிறுத்தினோம். சனம் குறையட்டும் என்று அம்மா உள்ளேயே இருந்தார், நானும் முன் இருக்கையில் இருந்தேன். மகன் இறங்கி நிற்க, இளம் பெடியள் கூடிவிட்டார்கள்.

"என்னண்ணை, எலி அரிச்சதோ?"

"ஷெல் துண்டடா."

"மெய்தான் மச்சான், விரல் போகுது பார்."

"உன்ரை விரல் போகும். என்ரை போகாது. நான் சோறு தின்னிறனான்."

வெளியே சிரிப்பு. உள்ளே, அம்மாவின் தோளுக்குப் பக்கத்தில் றெக்சின் ஒரு விரலளவு மேலெழுந்து அமர்ந்தது. பிறகு இன்னோர் இடத்தில். பிறகு அவருடைய முதுகுக்கு நேரே. அம்மா கொஞ்சம் தள்ளி இருந்தார். அதன்பிறகு பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்கையம்மா?" என்றார் மகன்.

"கும்பிட்டிட்டு பஸ்ஸிலை போறன்."

"ஏன், வண்டியிலை என்ன குறை?"

"ஒரு குறையுமில்லையப்பு. அவர் நல்லாத்தான் செய்திருக்கிறார்."

மகன் என்னைப் பார்த்தார். அம்மா என்னிடம் வந்து சொன்னதை அங்கேதான் அவருக்குச் சொன்னேன். தங்கை எந்தப் பக்கம் இருந்தாள் என்பது அவருக்குத் தெரியாதாம். திரும்பும்போது அம்மா ஏறிய பஸ்ஸின் பின்னாலேயே ஓட்டினார். வீதி வெறுமையாக இருந்த இடங்களிலும் முந்தவில்லை. அதன் புகை முழுக்க எங்கள் முகத்தில்.

அவர் கனடாவுக்குப் போகுமுன் ஜீப்பைக் கொட்டிலில் விட்டு, "எல்லாத்தையும் மூடிவிடுங்கோ அண்ணை" என்றார். வெளியிலிருந்து தகடு வைத்து மூடி வருகிறேன். போன கிழமை அம்மா வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆரும் கேட்டால் குடுத்துவிடுங்கோ தம்பி. இனி நான் ஏறன்."

அவர் போன பிறகு சோழகக் காற்றில் கொட்டிலுக்குள் புழுதி நிறைந்தது. இன்னும் சில ஓட்டைகள் மிச்சம் இருக்கின்றன. இனியும் மூட வேண்டுமா என்று அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையிலெடுத்த வேலை என்பதால் நாளைக்கும் செய்வேன்.

18.06.2024, செவ்வாய்க்கிழமை.