முதலிடத்தைப் பிடித்த தையற்காரி

தையற்காரிக்கு ஐம்பது வயதில் பித்துப் பிடித்துவிட்டது என்றார்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பாதி ஆயுளைக் கழித்தவள், சொந்தக் கடை போட்டு நிமிர்ந்ததும் வாங்கிய முதல் ஆடம்பரம் ஒரு பின்பால் மெஷின். சாய்வான கண்ணாடிக்கடியில் இரும்புக் குண்டு ஓடும்; பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் இரண்டு துடுப்புகள் அதைத் தட்டி மேலே அனுப்பும். அதற்கு இடம் விட்டு, கூடத்து சோபா வாசலோரம் ஒண்டிக்கொண்டது.

"இந்த வயசுல விளையாட்டுச் சாமானா?" என்று முகம் சுளித்தவள் கணவனின் அக்கா. ஒரு தடவை ஆடிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் வந்து, மெஷினில் இருந்த கார் பந்தய ஆட்டத்தில் எல்லோரையும் மண்ணைக் கவ்வ வைத்தாள். திரையில் முதலிடம் மாதக்கணக்கில் அவளுடையதாகவே இருந்தது.

அந்த மெஷினில் ஒரு வசதி: உள்பலகையைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் பொருத்தினால் ஆட்டமே வேறு. தையற்காரி கடல் ஆட்டத்தின் பலகையை வரவழைத்தாள்.

"இன்னொரு மெஷினா? நாம எங்க படுக்கறது?" என்றான் கணவன்.

"மெஷின் அதேதாங்க. வயித்த மட்டும் மாத்தறோம். அந்தப் பக்கம் பிடிங்க."

மாற்றினார்கள். விளக்கெல்லாம் எரிந்தது, இடது துடுப்பு மட்டும் அசைய மறுத்தது.

"கம்பெனிக்கே போன் போடு" என்று கணவன் ஒதுங்கிக்கொண்டான். அவள் விடவில்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினாள். ஒரு செருகியின் ஊசி வளைந்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்திச் செருகினாள். டப்பென்று துடுப்பு துள்ளியது. அவளும் துள்ளினாள்.

ஞாயிறன்று நாத்தனார் கடல் ஆட்டத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "பழகாத ஆட்டத்துல என்னை ஜெயிச்சு என்ன பெருமை? தைரியம் இருந்தா என் காரைப் போடு."

"போட்டுட்டா போச்சு, அக்கா."

பலகை மாறியது. நாத்தனார் முதலில் ஆடி, தன் பழைய எண்ணிக்கையையே தாண்டிவிட்டு நகர்ந்தாள். தையற்காரிக்கு மூன்றில் முதலிரண்டு குண்டுகளும் சொதப்பின. கடைசிக் குண்டைத் துடுப்பில் ஏந்தி நிறுத்தினாள். அவசரப்படவில்லை. உருண்டு நுனிக்கு வந்ததும் தட்டினாள். குண்டு நேராகச் சுரங்கப்பாதையில் புகுந்தது. திரும்பி வந்ததும் மறுபடி அதே அடி. மறுபடியும். எண்கள் தலைதெறிக்க ஓடின.

"தாண்டிட்டடி! என்னையே தாண்டிட்ட!" என்று கத்தியது நாத்தனார்தான்.

வீடே அதிர மெஷின் மணியடித்தது. எதிலும் முதலாவதாக வந்து பழகாத தையற்காரி, தன் பெயரைப் பதிக்கும்போது இரண்டு முறை எழுத்தைத் தப்பாக அழுத்தினாள். கணவன் விசிலடித்தான்.

"கும்மாளம் போதும்" என்றாள் நாத்தனார், அதற்குள் பலகை மாற்ற மெஷினின் கண்ணாடியைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். "அந்தக் கடலைப் போடு. ஒரு கை பார்த்துடறேன்."