மூடி திறந்த போத்தல்

அக்கா வருவதாகச் சொல்லியிருந்த நாள் காலை, ஏறாவூர்க் கடையொன்றில் தண்ணீர்ப் போத்தல்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் குழாய் இருக்கிறது. திறந்தால் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் சுத்தமாக வருகிறது. அதைத்தான் குடிக்கிறேன், அதில்தான் சமைக்கிறேன். தனியே இருக்கிறவனுக்கு ஒரு குடம் இரண்டு நாளைக்குக் காணும்.

"வீட்டுக்கு வெள்ளைக்காரனா வாறான்?" கடைக்கார முஸ்லிம் அண்ணன் கேட்டார்.

"வெள்ளைக்காரன் இல்ல காக்கா. லண்டன்ல இருந்து எங்கட அக்கா."

"அப்ப ரெண்டாக் கொண்டு போங்க. வெள்ளைக்காரன் எண்டாக் குறை சொல்ல மாட்டான்."

சிரித்தேன். ஒன்றுதான் வாங்கினேன்.

அவளுடைய வயிற்றுக்காக மட்டும் வாங்கியதல்ல அது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் கட்டின இடத்துக்குப் போய்விடுவான். வளவும் கிணறும் மகளுக்கு. நான் கட்டவுமில்லை, போகவுமில்லை. தான் படுக்கையில் கிடந்த காலமெல்லாம் பக்கத்தில் இருந்தான் என்று, அம்மா தன்னாமுனையில் இந்த வீட்டு வளவை என் பேருக்கு எழுதிவிட்டார். செத்தவீட்டுக்கு வந்திருந்த அக்கா முப்பத்தோராம் நாள்தான் காணி உறுதிப் பத்திரத்தைப் பார்த்தாள். முற்றத்தில் நின்று, சத்தம் போடாமல் சொன்னாள்:

"இந்த வீட்டுப் பச்சத்தண்ணி இனி என்ர வாயில படாது."

பச்சைத் தண்ணீர்: காய்ச்சாதது, ஒன்றும் சேராதது, படலையைத் திறந்து யார் வந்தாலும் முதலில் நீட்டுவது. சோற்றை மறுத்திருந்தால் கோபம் என்று விட்டிருப்பேன்.

ஒன்பது வருடம். இடையில் கிணறு உவர்த்தது, தகரம் போட்டு மூடினேன், குழாய் வந்தது. அக்கா வரவில்லை. இப்போது ஒரு பின்னேரம், ஒரு மணித்தியாலம் மட்டும் வந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். கடைத் தண்ணீர் இந்த வீட்டுத் தண்ணீர் ஆகாது, அவள் சத்தியமும் கெடாது, என் கதிரையில் உட்கார்ந்து ஏதோ குடித்ததாகவும் இருக்கும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வந்து போத்தலைத் துடைக்கும்போது கணக்குப் பிழைத்தது. கடைத் தண்ணீரைக் கடையிலேயே குடிக்கலாமே. குவளை ஒன்றைக் கழுவிக் குழாயில் நிரப்பினேன். கொட்டினேன். திரும்பவும் நிரப்பினேன். வாவிக் காற்று யன்னல் சீலையை உள்ளே தள்ளுவதும் வெளியே இழுப்பதுமாக இருந்தது. நானும் அப்படித்தான்.

வான் வந்து நின்றது. அக்கா மெலிந்திருந்தாள், விரல் மூட்டுகள் மட்டும் வீங்கியிருந்தன. கைப்பையின் கொழுவியைத் திறக்கவே அந்த விரல்கள் பட்ட பாட்டைப் பார்த்தேன். குசினிக்குள் போய், குவளையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போத்தலை எடுத்தேன். அவளுக்கு நோகக்கூடாதென்று மூடியை நானே திருகித் திறந்து, மெல்ல மூடிக் கொண்டுவந்து கொடுத்தேன்.

திருகினாள். மூடி சத்தமில்லாமல் கழன்றது.

"சீல் உடைஞ்சிருக்கே."

"நான்தான் திறந்தன் அக்கா. உங்கட விரல்…"

"விரலைக் காட்டிக் கதைய மாத்தாத. பைப்பில பிடிச்சியா?"

"இல்ல…"

"சின்னனில ஆயித்தியமலைக் கோயில் தீர்த்தத்தக் கொட்டிப்போட்டுக் கிணத்துத் தண்ணிய நிரப்பி வெச்சவன்தானே நீ. அம்மா பாவம், ஒரு வருஷம் அதை நெத்தியில பூசினவ."

அவள் உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா என்று தெரியவில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு யாரோ என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவராகப் பேசினார்கள். கடைக்காரர் தந்த பில் துண்டு சட்டைப் பைக்குள் கிடந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டினால் கடைத் தண்ணீரென்று குடிப்பாள், எங்களுக்குள் ஒன்றும் மாறியிருக்காது.

"ஓம்," என்றேன். "வீட்டுத் தண்ணிதான்."

பொய்.

போத்தலைப் பார்த்தாள். தகரம் மூடிய கிணற்றைப் பார்த்தாள். பிறகு மூடியை இறுக்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மறுகா குடிக்கிறன். வழியில."

ஊர்க்கதை கொஞ்சம் கதைத்தோம். எழும்பினாள். வான் ஒழுங்கையில் திரும்பி வீதிக்கு ஏறியது. அதன் கண்ணாடிகள் எல்லாம் கறுப்பு.

என் வீட்டுத் தண்ணீர் என்று நினைத்து அவள் குடித்திருந்தால் என்னை மன்னித்துவிட்டாள், அவள் வாயில் பட்டதோ கடைத் தண்ணீர். கொட்டியிருந்தால், என்னுடையதே அல்லாத தண்ணீரோடு சேர்த்து என்னைக் கொட்டிவிட்டாள். கேட்கவும் முடியாது, கேட்டால் நான் சொன்னது பொய்யென்றும் ஒப்புக்கொள்ளவேண்டும். பொழுதுபட்டபோது செய்தி வந்தது: வந்து சேர்ந்திட்டம். அவ்வளவுதான்.

விடிந்ததும் வீதியோரம் நடந்தேன், வடிகானைப் பார்த்தபடி. போகிற வருகிற வாகனமெல்லாம் எறிந்த போத்தல்கள், எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கொடுத்த போத்தலின் அதே நீல மூடி. ஒன்றை எடுத்தேன், வெளிச்சத்தில் பிடித்தேன். இன்னொன்றை எடுத்தேன். குடித்துவிட்டு எறிந்ததா, கொட்டிவிட்டு எறிந்ததா, வெறும் போத்தலில் என்ன தெரியும்.

மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைத்தது.

"என்ன அண்ணன், போத்தல் பொறுக்கிறீங்களா?"

"ஓம்."

"இந்தாங்க, இதையும் எடுங்க," என்று தன்னுடையதை எறிந்துவிட்டுப் போனான்.